கீழே தள்ளினால் கட்

கனவு போனாம். ஆளுக்கொரு மஞ்சள் சீட்டையும் ஒரு ஸ்கெட்ச் பேனாவையும் கொடுத்து, உங்கள் கனவு போனில் என்னவெல்லாம் இருக்க வேண்டும், மனதில் பட்டதை எழுதுங்கள் என்கிறாள் இந்தப் பெண். ரெனிட்டா என்று பெயர் எழுதிச் சட்டையில் குத்தியிருக்கிறாள். எனக்கும் ஒன்று குத்திவிட்டார்கள், சிகாமணி என்று, அதற்குக் கீழே ஐம்பத்தைந்துக்கு மேல் என்று வேறு, சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்கிற மாதிரி. நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டலின் ஐந்தாவது மாடி. ஏசி எலும்பைக் குடைகிறது. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்துச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, அதற்குப் பின்னால் போன் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், அதை அவளே ஏதோ பெருமை போலச் சொல்லிவிட்டாள். பார்க்கட்டும். நாங்கள் மூக்கைச் சொறிவதையும் பார்க்கட்டும். பேச்சு கெடக்கூடாது என்று எங்கள் போன்களை வாங்கிச் சத்தத்தை அணைத்து நடு மேஜையில் ஒரு பிரம்புக் கூடையில் போட்டு வைத்திருக்கிறாள். தாம்பூலத் தட்டில் பழம் அடுக்கியது போல எட்டு போன் கிடக்கிறது. என்னுடையது எல்லாவற்றுக்கும் மேலே, முகத்தை மல்லாத்திக்கொண்டு, கறுப்பாக. காலையிலிருந்து கறுப்பாகத்தான் இருக்கிறது. இனி அதில் வெளிச்சம் வர என்ன இருக்கிறது. இரண்டு வருஷமாகப் பேசாத மகள் இன்று காலையில் கூப்பிட்டாள். நான் கட் செய்துவிட்டேன். அவ்வளவுதான், கதை முடிந்தது, இதில் கனவு போன் ஒரு கேடு.

எல்லோரும் தலையைக் குனிந்து எழுதுகிறார்கள். பரீட்சை ஹாலில்கூட இவர்கள் இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்க மாட்டார்கள். என் இடப்பக்கத்தில் சம்பத் என்று ஒருவர், மறைமலைநகர் பக்கம் மனை விற்கிறாராம், முதல் ஆளாக முடித்துவிட்டுப் பேனா மூடியை டப்பென்று அமுக்குகிறார். எட்டிப் பார்த்தேன். நிலாவைப் பக்கத்தில் கொண்டுவருகிற கேமரா வேண்டுமாம். அங்கேயும் கல் நட்டு ப்ளாட் போடப் போகிறார் போலிருக்கிறது. எதிரே தலைமுடிக்கு நீலச்சாயம் அடித்த பெண், மடிக்கிற போன், நாலாக மடித்தால் கைக்குட்டை அளவுக்கு வர வேண்டும் என்று படமே போட்டுவிட்டாள். அப்படியே மூக்கையும் துடைத்துக்கொள்ளலாம். வலப்பக்கத்து அம்மாள் மூன்று நாள் நிற்கிற சார்ஜ் என்று எழுதி, அதன் கீழ் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே மழை வருவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறாள். துணி காயப்போடுகிற கவலை. கேட்டது கொடுக்க இது என்ன கோயிலா, வேண்டிக்கொண்டு சீட்டுக் கட்டுகிறார்கள். என் சீட்டு காலி. எனக்கு இரண்டு பட்டன் வேண்டும், எடுக்க ஒன்று, வைக்க ஒன்று. மேடாக, கட்டைவிரலுக்கு அகப்படுகிற மாதிரி. பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. அதை எழுதினால் இந்த ரெனிட்டா, ஓ, சோ ஸ்வீட், என்று சொல்லுவாள். வந்ததிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டாள், ஒரு தடவை நான் தண்ணீர் கேட்டதற்கு.

முகம் மழித்துக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு. மழிக்கிற நேரத்தில் போனைக் கொண்டுபோய் வாஷ்பேசின் தட்டில் வைக்கிறவன் மடையன். ஆனால் எல்லா மடையனும் வைக்கிறான், நானும் வைத்தேன், பல் துலக்குகிற ப்ரஷ் நிற்கிற டம்ளருக்குப் பக்கத்தில். தட்டு நடுங்கியது, டம்ளர் கிணுகிணு என்றது, குனிந்து பார்த்தால் மேகலா. பெயரும், பட்டமளிப்பு அங்கி போட்ட அவள் போட்டோவும். அடியில் ஒரு வட்டம் எகிறி எகிறிக் குதிக்கிறது, மேலே தள்ளினால் எடுக்கலாம், கீழே தள்ளினால் கட். யாருடைய புத்தியில் உதித்த யோசனை இது. இரண்டு வேலைக்கும் ஒரே வட்டம். கட்டைவிரலில் சோப்பு நுரை. வைத்தேன். வழுக்கியது. கீழே. போட்டோ போய்விட்டது, பெயர் போய்விட்டது, மணியும் தேதியும் பல்லிளித்தது. பாதி முகத்தில் நுரையோடு நின்றேன். இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று நின்றேன், நுரை காய்ந்து கன்னம் இழுக்கிறவரை நின்றேன். வழுக்கியது என்றா சொன்னேன். வழுக்கினால் பக்கவாட்டிலும் வழுக்கலாம், மேலேயும் வழுக்கலாம். பிடித்துத் தள்ளியதுபோல நேராகக் கீழே போனது. விரலில் ஒரு தீர்மானம் இருந்தது. அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நுரை தள்ளியதா, நான் தள்ளினேனா. இரண்டு வருஷமாக வயிற்றில் வைத்திருந்த கோபம் என்னைக் கேட்காமலே விரலுக்கு இறங்கி வந்து வேலையை முடித்துவிட்டதா. பட்டனாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அமுக்கினால் ஒரு சத்தம், ஒரு பள்ளம், விரலுக்குச் சாட்சி உண்டு, ஆமாம் ஐயா நான்தான் அமுக்கினேன் என்று அது ஒத்துக்கொள்ளும். கண்ணாடிக்கு என்ன சாட்சி. கோபப்பட்டுத் தடவினாலும் கொஞ்சித் தடவினாலும் அதற்கு ஒன்றுதான்.

ரெனிட்டா சீட்டுகளை வாங்கிச் சுவரில் ஒட்டுகிறாள். என் காலிச் சீட்டையும் வாங்கி, பரவாயில்லை அங்கிள், அப்புறமா யோசிச்சு சொல்லுங்க என்று அதையும் ஒட்டிவிட்டாள். இந்தக் கூத்துக்கு நான் வந்ததே மேல் வீட்டு ஜெயவேலால். அவன்தான் ஆள் பிடித்துக் கொடுக்கிறான். ஐம்பத்தைந்துக்கு மேல் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற ஆம்பளை ஒருத்தர் குறைகிறது, சும்மா வந்து உட்காருங்கள், முடிவில் ஹாட்பேக் கொடுப்பார்கள் என்று போன வாரமே கேட்டு வைத்திருந்தான். வர மாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் காலையில் அந்த வாஷ்பேசினையும் போனையும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை. என் மனைவி சுகந்தியும் இல்லை, தங்கை வீட்டு வளைகாப்பென்று காஞ்சிபுரம் போய்விட்டாள். இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கேட்டிருப்பாள். அவள் தினமும் மகளோடு பேசுகிறாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. மாடிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று போவாள், முக்கால் மணி நேரம் கழித்துத் துணி இல்லாமல் வருவாள். காயலை என்பாள். சித்திரை வெயிலில் காயாத துணி. நானும் சரி என்பேன். ஒருநாள் அவள் படியிறங்கி வந்த பிறகு வேண்டுமென்றே மேலே போய்ப் பார்த்தேன், என் வேட்டி அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. மடித்து எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பீரோவில் வைத்தாள். அன்றைக்கு மேகலா என்ன சொன்னாள், நன்றாக இருக்கிறாளா, பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன குறைந்துவிடும். குறைந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன், ஏதோ ஒன்று.

இப்போது நாலு மாதிரி போன்களை மேஜையில் பரப்புகிறார்கள். ஒன்றில்கூடப் பட்டன் இல்லை. பக்கவாட்டில் தடவினால் சத்தம் கூடுமாம், குறையுமாம், ஓரத்தை அழுத்திப் பாருங்கள், நிஜ பட்டன் மாதிரியே ஃபீல் ஆகும் என்கிறாள். அழுத்தினேன். உள்ளே எதுவும் இறங்கவில்லை. ஆனால் விரலுக்குள் டுக் என்று ஒரு உதறல். பட்டன் இல்லை, பட்டனை அமுக்கிய ஞாபகத்தை மட்டும் கொடுக்கிறார்கள். எவ்வளவு கேவலம். பட்டன் வைக்கத் துப்பில்லாமல் அதன் ஆவியை வைத்திருக்கிறான். சம்பத் நாலையும் மாறி மாறி அழுத்திவிட்டு, பட்டன்னா தூசு போகும் மேடம், தண்ணி போகும், ரெண்டு வருஷத்துல தேஞ்சிடும், இதான் பெஸ்ட் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறார், பின்னால் இருக்கிறவர்களிடம் மனை விற்கிற தோரணையில். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இந்த உலகத்தில் தலையாட்டுவதற்கு மட்டும் எந்தப் பட்டனும் தேவையில்லை.

பட்டனைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் லிப்ட் கம்பெனியில் சர்வீஸ். கடைசியில் இந்தச் சென்னையில் பாதிக்கு நான்தான் பொறுப்பு. லிப்ட் வாசலில் நிற்கிற மனிதனைப் பார்த்தால் அவன் தாய் தகப்பன் வளர்ப்பு தெரிந்துவிடும். ஏற்கனவே விளக்கு எரிகிற பட்டனை வந்து மறுபடி அமுக்குவான். அவனுக்கு முன்னால் நிற்கிறவன் அமுக்கியது அமுக்கல் இல்லையா. இவன் விரல் பட்டால்தான் லிப்ட்டுக்கு ரோஷம் வருமா. மேலே போக வேண்டியவன் கீழே பட்டனையும் சேர்த்து அமுக்குவான், எது வந்தாலும் ஏறிக்கொள்ளலாம் என்று. உள்ளே போனதும் கதவு மூடுகிற பட்டனை விடாமல் குத்துவான். அது எங்கள் பாதி லிப்ட்டில் வேலையே செய்யாது. கட்டட சொந்தக்காரர்களே சொல்லிவிடுவார்கள், அதுக்கு ஒயர் குடுக்காதீங்க சார், சும்மா நசுக்கறானுங்க என்று. வெறும் பட்டன், உள்ளே ஸ்ப்ரிங், அமுக்கினால் உள்ளே போய் வரும், அவ்வளவுதான். கதவு தன் நேரத்துக்கு மூடும், இவன் தன்னால் மூடியது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். மேகலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அதைத் திரும்பத் திரும்ப அமுக்கினாள். ஒயர் இல்லை என்று சொன்னேன். பின்னே எதுக்குப்பா வச்சிருக்கீங்க என்றாள். அமுக்கினோம்னு ஒரு திருப்திக்கு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டிருந்துதான் இருபது வருஷம் கழித்து என்னை வெட்டினாள்.

வங்கி வேலை. எவ்வளவு பேர் அதற்காகத் தவம் கிடக்கிறார்கள். அதை விட்டுவிட்டு பெங்களூரில் ஏதோ ஆப் கம்பெனியில் பட்டன் வரையப் போகிறேன் என்றாள். வரைவதுதான் வேலையாம். ஸ்க்ரீனில் வருகிற பட்டன் எவ்வளவு உருண்டையாக இருக்க வேண்டும், என்ன கலர், தொட்டால் எப்படி அமுங்குகிற மாதிரி தெரிய வேண்டும், அதற்கு ஒரு சம்பளம். என் மச்சினன் வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் இருக்கும்போது நான் கேட்டேன், வேறென்ன கேட்டேன், இல்லாத பட்டனை வரையறதுக்கு ஒரு ஆபீஸா, அதுக்கு ஒரு படிப்பா, நாளைக்குச் சுவத்துல கதவை வரைஞ்சு வச்சுட்டு உள்ளே போகச் சொல்லுவியா என்று. பந்தி சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள், நீங்க ஒயர் இல்லாத பட்டனை மாட்டுனீங்க, நான் வரையற பட்டனைத் தொட்டா வேலை நடக்கும், இதுல எதுப்பா பொய் பட்டன் என்று. பந்தி இன்னும் பெரிதாகச் சிரித்தது. மச்சினன் இலையில் பாயசம் வழிய வழியச் சிரித்தான். நான் பாதி இலையில் எழுந்தேன். அவள் அடுத்த வாரம் பெங்களூர் போனாள். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை, சுகந்தி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்ல எனக்கு என்ன தெரியாதா. நூறு பதில் இருக்கிறது. பஸ்ஸில், குளிக்கையில், ரேஷன் கடை வரிசையில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

கூடையில் வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். என்னுடையது இல்லை, அதற்குக் கீழே கிடக்கிற யாருடையதோ, வெளிச்சம் என் போனின் ஓரத்தில் கசிந்து அணைந்தது. மழைக்கார அம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு உட்கார்கிறாள். எதற்குக் கூப்பிட்டிருப்பாள். அதைத்தான் நினைக்கக் கூடாது என்று பஸ் ஏறியதிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறேன். இரண்டு வருஷம் கழித்துக் காலையில் ஒருத்தி அப்பாவைக் கூப்பிட்டால் சும்மாவா கூப்பிடுவாள். கல்யாணமாக இருக்கலாம். உடம்பாக இருக்கலாம். அங்கே ஸ்கூட்டரில் போகிறாளாம், சுகந்தி வாய்தவறிச் சொன்னாள், அந்த ஊர் லாரிக்காரன்கள். இல்லை, அடிபட்டிருந்தால் வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்கள், சுகந்திக்குத் தகவல் போயிருக்கும். அவள் போனிலிருந்து வேறு யாராவது கூப்பிட்டிருந்தால். அவள் போட்டோதான் வரும். அவள் பெயர்தான் வரும். அப்பா என்று போட்டிருக்கும் நம்பரைப் பார்த்து யாரோ ஒரு அந்நியன் தட்டியிருந்தால். நான் கட் செய்திருக்கிறேன். கை ஜில்லென்று ஆகிறது, இந்த ஏசி. திரும்பக் கூப்பிட வேண்டியதுதானே என்று எந்த முட்டாளும் சொல்லுவான். கூப்பிட்டு என்ன சொல்ல. கட் செய்தவன் எந்த முகத்தோடு கூப்பிடுவான். சோப்பு நுரை என்றா சொல்ல. அவளுக்குச் சிரிப்பு வரும். அப்பா, அந்த வட்டத்தை மேலே தள்ளணும்பா என்று எனக்குப் பாடம் எடுப்பாள். அல்லது சிரிக்கவே மாட்டாள். அவள் ஒரு முடிவுக்கு வந்திருப்பாள், காலையிலேயே வந்திருப்பாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சரி, இந்த மனுஷன் இப்படியே போகட்டும் என்று. என் மகள்தானே. நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

அங்கிள், நீங்க ஒண்ணுமே சொல்லலையே. ரெனிட்டா என் நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள். மற்ற ஏழு பேரும் பார்க்கிறார்கள், கண்ணாடியும் பார்க்கிறது. பழைய போனில் இருந்து, இப்போது இல்லாமல் போனது எதையாவது நீங்கள் தேடுகிறீர்களா என்று கேட்கிறாள். தேடுகிறதாவது. இந்தக் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தால் எனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது வேறு. பட்டன் என்றேன். சிவப்பு பட்டன். பழைய போனில் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு, போனைப் பார்க்காமலே, தடவிக் கண்டுபிடித்துக் கட் செய்யலாம். லிப்ட் கூரை மேல் நிற்கும்போது ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் செய்வேன். அந்த ஒரு பட்டன் மட்டும் சிவப்பெல்லாம் போய்ப் பல் மாதிரி வெளுத்துப் போயிருந்தது, மற்ற பட்டனெல்லாம் புதுசாக இருந்தது. ஓ, சோ ஸ்வீட் என்று அவள் எழுதிக்கொள்கிறாள். சம்பத்துக்குத்தான் பொறுக்கவில்லை. வாடிக்கையாளர் போன் ஒன்றைக்கூட விடாமல் எடுக்கிறவர், போன் வந்தால் எடுக்காமல் ஒருத்தன் இருப்பானா என்கிற ஆச்சரியம்.

“யாருன்னே பாக்காம எப்படி சார் கட் பண்ணுவீங்க? முக்கியமான காலா இருந்தா?”

“முக்கியமான கால்னாதான் சார் கட் பண்ணுவேன்” என்றேன். “அந்த நேரத்துக்குக் கூப்பிடறது எம்பொண்ணு. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தா. அவ காசு போகக் கூடாதுன்னு கட் பண்ணிட்டு நான் கூப்பிடுவேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. சம்பத் ஆ, எங்க வீட்லயும் அப்படித்தான் சார் என்கிறார், மழைக்கார அம்மாள் தன் அண்ணன் துபாயிலிருந்து இரண்டு ரிங் விட்டு நிறுத்துவதைச் சொல்ல ஆரம்பிக்கிறாள், எல்லோருக்கும் ஒரு கதை வந்துவிட்டது, அறையே கலகலவென்றாகிறது, நான் மட்டும் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திருச்சியில் நாலு வருஷம். சாயங்காலம் அவளிடமிருந்து வரும், நான் கட் செய்வேன், அப்புறம் கூப்பிடுவேன், நாலு வருஷமும் இதே. கட் செய்தால் கோபம் என்று அவளுக்கு யார் சொன்னது. கட் செய்தால் இரு, நான் கூப்பிடுகிறேன் என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம். ஒருநாள் அண்ணாநகரில் ஒரு லிப்ட்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டு, அவளை வழக்கம்போலக் கட் செய்துவிட்டு அந்த வேலையில் இறங்கினேன், எல்லோரையும் வெளியே எடுத்து, மயக்கம் போட்ட கிழவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, கீழே வந்து கூப்பிட்டால் மணி எங்கோ போய்விட்டது. இவள் மெஸ் வாசலிலேயே நிற்கிறாள். உள்ளே போனால் சிக்னல் இருக்காது, நீங்க கூப்பிடுவீங்கன்னு நின்னேன் என்றாள். மெஸ்ஸை மூடிவிட்டார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதானே அறிவு கெட்டவளே என்று கத்தினேன். கட் பண்ணீங்கல்ல, அப்புறம் எதுக்கு நான் திருப்பிக் கூப்பிடணும் என்றாள். அதுதான் அவள். கட் செய்துவிட்டால் மறுபடி கூப்பிட மாட்டாள். நிற்பாள். காலையில் கூப்பிட்டாள், நான் கட் செய்தேன், அவள் மறுபடி கூப்பிடவில்லை. நுரை காய்கிறவரை நான் இங்கே நின்றேனே, அவள் அங்கே எங்கே நிற்கிறாள்.

எழுந்தேன். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. கூடைக்குள் கையை விட்டு என் போனை எடுத்ததும் ரெனிட்டா, அங்கிள் இன்னும் ரெண்டு ஆக்டிவிட்டி இருக்கு, முடிஞ்சாத்தான் கிஃப்ட் என்கிறாள். ஹாட்பேக்கை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடியைத் தாண்டும்போது பாதி மழித்த ஒரு மூஞ்சி என்னோடு கூடவே வந்தது, ஒரு கன்னம் வழுவழு, ஒரு கன்னம் முள். காலையிலிருந்து இப்படியா ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் ஏழு பேரையும் எடை போட்டேன். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. வெளியே லிப்ட்டில் பட்டனுக்குப் பதில் கண்ணாடிப் பலகை, அதையும் தடவச் சொல்கிறான், போகட்டும், ஏறினால் சிக்னல் போய்விடும், ஏறக் கூடாது. ஜன்னல் ஓரமாக நின்றேன். மேகலா என்று தேடி, விரலைச் சட்டையில் துடைத்து, தொட்டேன். எந்தச் சத்தமும் இல்லை, எந்தப் பள்ளமும் இல்லை, ஆனால் போகிறது. ஒரு ரிங். இரண்டாவது பாதியில் கட் ஆனது.

செய்துவிட்டாள். பார், செய்துவிட்டாள். நான் என்ன நினைத்தேன், மெஸ் வாசலில் நின்ற அந்தப் பிள்ளையாகவே இருப்பாள் என்றா. இன்றைக்குக் காசு யாருக்குப் போகிறது, மாசத்துக்கு ஒரு தடவை கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், இந்தக் காலத்தில் கட் செய்தால் கட்தான். முட்டாள் கிழவன். ஐந்தாவது மாடியில் அரைத் தாடியோடு நின்றுகொண்டு கற்பனை செய்கிறான். லிப்ட் கதவு திறந்து ஹோட்டல்காரன் ஒருவன் காய்கறித் தட்டோடு, வரீங்களா சார் என்கிறான். இல்லை என்று கையை ஆட்டினேன். கதவு மூடுகிற நேரத்தில் கைக்குள் போன் நடுங்கியது. அங்கி, போட்டோ, மேகலா. வட்டம் குதிக்கிறது. மேலே. மேலே தள்ளினால் எடுக்கலாம். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஸ்லேட்டில் முதல் எழுத்து போடுகிறவன் மாதிரி, மேலே தள்ளினேன்.

“பாத்தீங்களா?” என்கிறாள். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை. “கட் பண்ணிட்டுக் கூப்பிடறதுன்னா இப்படி. ஒரு நிமிஷம்கூட ஆகலை. நீங்க காலையிலேர்ந்து எடுத்துக்கிட்டீங்க.”

அந்தக் குரலில் அப்படியே என் ஏளனம். யாரிடம் படித்தாள் என்று கேட்க வேண்டியதில்லை. இருமினேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்றேன், ஒன்றும் இல்லை என்றாள். பின்னே எதற்கு என்றேன். சும்மாதான், பேசணும்னு தோணுச்சு, எடுப்பீங்களா மாட்டீங்களான்னு பாத்தேன் என்றாள். சும்மாதான் கூப்பிட்டிருக்கிறாள். ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் திரும்ப முடியாமல் திரும்பிக்கொண்டிருக்கிறது. நூறு பதில் வைத்திருந்தேன், பந்தியில் சொல்லாமல் விட்டது, அதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“சாப்பிட்டியா?”

“எங்கேர்ந்து? எங்க ஆபீஸ் கேன்டீன் பேஸ்மென்ட்ல. அங்க டவர் கிடைக்காது.”

“அறிவு இருக்கா உனக்கு?” என்றேன். ஹோட்டலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்கிறேன் போல. “மணி என்ன ஆகுது. வெளிய எதாவது கடையிருக்கும், போய் முதல்ல சாப்பிடு. போனை வைக்காமப் போ.”

அவள் நடக்க ஆரம்பித்தாள். செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கன்னம் எங்கேயும் பட்டுக் கட் ஆகிவிடக் கூடாதே என்று தலையைச் சாய்த்தபடி, அசையாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.